சுமட்டுக்காரி மலை

ரெஜிஷா அக்காவுக்கு வருடத்தில் இரண்டு காலங்களில் வேலை நின்றுபோகும். ஒன்று, கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம். இன்னொன்று, ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம். அந்த நாட்களில் கடற்கரைக் கோயில்களில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். கல்யாணம் இல்லையென்றால் கல்யாணப் போட்டோக்காரிக்கு என்ன வேலை? கேமராவைத் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டு அவள் மலைக்குக் கிளம்பிவிடுவாள்.

நான் அவளை முதலில் பார்த்தது மருந்துவாழ்மலையில்தான். புவியியலில் பட்டம் வாங்கிவிட்டு, போட்டித் தேர்வுக்குப் படிப்பதாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த நேரம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதனால் படித்து முடித்தபின் என்ன செய்வது என்று சொல்லித்தர வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஒருநாள் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு மலையேறப் போனேன். பாதி வழியில், ஒரு பாறைமேல் முக்காலியில் கேமராவை நிறுத்திவிட்டு, எதையும் எடுக்காமல் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். என்ன பார்க்கிறாள் என்று அருகே போய் நின்றேன்.

“மக்கா, கொஞ்சம் தள்ளி நில்லு,” என்றாள். “அந்த வயலுக்கு மேல ஒரு மேகம் வருது. அதுக்க நெழல் விழணும்.”

நிழல் விழும்வரை நானும் நின்றேன். விழுந்ததும் ஒரே ஒரு படம் எடுத்தாள். ஏன் ஒன்றோடு நிறுத்திவிட்டீர்கள் என்று கேட்டேன். கல்யாண வீடுகளில் ஆயிரக்கணக்கில் எடுத்துக் கை ஓய்ந்துவிட்டது என்றாள். மலையிடம் சிரிக்கச் சொல்ல வேண்டியதில்லை, அது ஒரு நிம்மதி என்றாள். அன்றைக்கு இறங்கும்போது என் பெயரைக் கேட்டாள். ஜின்சி என்றேன். அடுத்த நடைக்கு என்னையும் கூப்பிட்டாள்.

அவள் ஊர் மண்டைக்காட்டுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் நடுவே ஒரு கடற்கரை ஊர். பெயரை எழுதப் போவதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. அப்பா ததேயுஸ் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போனவர். அம்மா வியாகுலம்மாள் அந்த மீனைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்றவர். தம்பி லிஜின் பஹ்ரைனில் வேலை செய்கிறான். அக்கா பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, கருங்கல் என்ற ஊரில் ஒரு ஸ்டுடியோவில் கணினியில் முகப்பருக்களை அழிக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். மணப்பெண் சேலை கட்டும் அறைக்குள் ஆண் போட்டோக்காரர்கள் நுழைய முடியாது. அந்த அறைக்குள் போய் எடுக்க ஆள் வேண்டும் என்று ஒருநாள் அவள் கையில் கேமராவைக் கொடுத்து அனுப்பினார்கள். அப்படித்தான் தொழிலுக்குள் வந்தாள். இப்போது சொந்தமாக ஒரு ஸ்டுடியோ வைத்திருக்கிறாள். முப்பத்தாறு வயதாகிறது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றி ஊரில் யாராவது பேச்செடுத்தால், மற்றவர்கள் கல்யாணத்தைப் பார்த்தே அலுத்துவிட்டது என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

அவள் ஸ்டுடியோ சுவரில் மணமக்கள் படம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் மலைகள். ஆல்பம் வாங்க வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு, பொண்ணு மாப்பிள்ளையை எங்கே காணோம் என்று கேட்பார்கள். கடற்கரையில் பிறந்தவளுக்கு மலைமேல் ஏன் இத்தனை ஆசை என்று நானும் கேட்டேன். மூன்றாவதோ நான்காவதோ நடையில்தான் சொன்னாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ததேயுஸுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் சரியாக எழும்பவில்லை. பேச்சு குழறியது. பிறகு பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தபோது, அவர் வாயிலிருந்து அடிக்கடி வந்த சொல் சுமட்டுக்காரி. சுமட்டுக்காரியைப் பார்க்க வேண்டும் என்பார். யார் அது என்று கேட்டால், மலை என்பார். தலையில் கடவத்தை, அதாவது மீன் சுமக்கும் ஓலைக்கூடையை, வைத்துக்கொண்டு மேற்கே முகம் திருப்பி நிற்கிறவள் மாதிரி ஒரு மலை. கடலில் இருந்த நாளெல்லாம் அவளைப் பார்த்ததாகச் சொன்னார். வீட்டிலிருந்து பார்த்தால் தென்னந்தோப்புதான் தெரியும்.

அப்படி ஒரு மலைப்பெயரை ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. அதில் ஆச்சரியம் இல்லை என்று அக்கா விளக்கினாள். கடலடியில் மீன் கூடும் பாறைத்திட்டை ‘பார்’ என்பார்கள். பார் இருக்கும் இடத்தை, கரையில் தெரியும் மலையையும் கோயில் கோபுரத்தையும் சேர்த்துவைத்து மனதில் குறித்துக்கொள்வார்கள். அந்தக் குறிப்புக்குக் கணியம் என்று பெயர். நல்ல பாரின் கணியத்தை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். சொன்னால் மறுநாள் ஊர் வள்ளம் அத்தனையும் அங்கே வந்து நிற்கும். ததேயுஸுக்கு அப்படி ஒரு பார் இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். எங்கே என்பது அவருக்கும், அவரோடு வள்ளத்தில் போய் எப்போதோ இறந்துபோன ஒரு கூட்டாளிக்கும் மட்டும்தான் தெரியும்.

அப்படிப்பட்ட மனிதர் இப்போது வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒரு மலையின் பெயரைச் சொல்கிறார். வீட்டில் அதைத்தான் நினைவு தடுமாறியதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். லிஜின் வீடியோ காலில் டாக்டரைப் பார்க்கச் சொன்னான். அப்பாவுக்கு ஓர்மை தப்பிவிட்டது என்று முடிவுகட்டினான். அதன்பின் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. லிஜின் கட்டும் வீட்டுக்குக் கிணறு எங்கே தோண்டுவது, உறவில் ஒரு பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளை சரியா, எல்லாப் பேச்சும் அவர் தலைக்கு மேலே நடந்தது. கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டிருப்பார்.

“மலை உண்டுன்னா அப்பாவுக்கு ஓர்மை உண்டு,” என்றாள் அக்கா. “இல்லன்னா இல்ல. அவ்வளவுதான் மக்கா. அதான் தேடுகேன்.”

அவளுக்கு மலைமேல் ஆசை முன்பே உண்டு. ஆனால் அந்த இரண்டு வருடங்களாக அவள் ஏறியது இதற்காகத்தான். எனக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது. படித்த பாடத்துக்கு ஒரு வேலை கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்தேன். உயரக் கோடுகள் போட்ட வரைபடத்தை எடுத்துவைத்து, தலை தட்டையாக இருக்கும் மலைகளைத் தேட ஆரம்பித்தேன்.

காளிகேசம் காட்டுப் பக்கம் போனோம். சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி கிடைத்த இடங்களுக்கெல்லாம் காவலர் ஒருவரோடு போனோம். அட்டை ஏறிய காலோடு உச்சிகளில் நின்றோம். அக்கா விடியலுக்காகக் காத்திருப்பாள், மழை விடுவதற்காகக் காத்திருப்பாள். ஒவ்வொரு நடைக்குப் பிறகும் படத்தைப் பெரிதாக அச்சிட்டு அப்பாவிடம் கொடுப்பாள். அவர் இடது கையால் வாங்கிப் பார்ப்பார்.

இவ இல்ல, என்பார்.

ஒருமுறை கொஞ்சம் நேரம் பார்த்தார். எங்களுக்கு நம்பிக்கை வந்தது. கடைசியில், இவ கல்யாண வீட்டுக்குப் போறவ, சுமடு ஒண்ணும் இல்ல பாத்தியா என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். வியாகுலம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“உயிரோட ஒருத்தி சுமந்து சுமந்து கழுத்து தேஞ்சு நிக்கேன். என்னைப் படம் எடுக்க ஒருத்தருக்கும் தோணல்ல. மலைச் சுமட்டுக்காரிய தேடிட்டு போறாவளாம்.”

வரைபடத்தில் எனக்கு ஒரு தட்டைத் தலை அகப்பட்டது. ஓர் அணைக்கு மேலே, காட்டுக்குள் வெகுதூரம் தள்ளி இருந்தது. அனுமதி கிடைக்க நாளாயிற்று. போனபோது மழை பெய்து ஓய்ந்து, காற்று கழுவிவிட்டது போல இருந்தது. அணையின் தெற்குக் கரையிலிருந்து அக்கா படம் எடுத்தாள். அகலமான நீல மலை, தட்டையான தலை, இடது ஓரத்தில் விளிம்பு உடைந்தது போல ஒரு பள்ளம். அழகாக இருந்தது. ஆனால் அதற்குக் கீழே கழுத்தோ தோளோ எதுவும் இல்லை. அக்கம்பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிறவர்களிடம் அதன் பெயரைக் கேட்டோம். அவர்கள் சொன்ன பெயர் வேறு.

அந்தப் படத்தை வாங்கிப் பார்த்ததும் ததேயுஸின் கை நின்றது. உடைந்த விளிம்பின்மேல் கட்டைவிரலை வைத்தார்.

“இது அவளுக்க கடவம்,” என்றார். “சுமக்கியவ எங்க?”

அன்றைக்கு லிஜின் வீடியோ காலில் இருந்தான். தலையைக் கவிழ்த்துக்கொண்டான். மலையை விட்டுவிட்டு அதன் தலைச்சுமையை மட்டும் தனியாக அடையாளம் காட்டுகிற மனிதரைப் பற்றி யாரும் என்னதான் சொல்வது? வியாகுலம்மாள் அடுப்படிக்குள் போய்விட்டார். அக்கா படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். ஓர்மை தப்பியதற்கு நாங்களே சாட்சி கொண்டுவந்து கொடுத்துவிட்டோமோ என்று எனக்குத் தோன்றியது.

பிறகு கொஞ்ச நாள் மலைப்பேச்சே இல்லை. கல்யாணக் காலம் தொடங்கியிருந்தது. ஒரு மத்தியானம் ஸ்டுடியோவுக்குப் போனேன். அக்கா அபினா என்ற மணப்பெண்ணின் ஆல்பத்தைக் கணினியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கோயில் நடுவில் அபினா நிற்கிறாள். அவள் உச்சந்தலையிலிருந்து ஒரு பெரிய மெழுகுவர்த்தித் தண்டு முளைத்து நிற்கிறது. தூரத்துப் பீடத்தில் இருந்த தண்டுதான். தூர லென்ஸில் எடுத்தால் முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் ஒட்டிக்கொண்டது போல விழும். உதவிக்கு வருகிற பையன்களை இதற்காகத்தான் அவள் எப்போதும் திட்டுவாள். இந்த முறை அவள் எடுத்த படத்திலேயே அப்படி விழுந்திருந்தது.

நான் சிரித்தேன். பொண்ணு தலையில் மெழுகுவர்த்தி சுமக்கிறாள் என்றேன். அக்கா சிரிக்கவில்லை. தண்டை அழிக்கப் போன கையை எடுத்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி ஜின்சி,” என்றாள். “கடவம் அவ தலையில இல்ல. பின்னால நிக்கி.”

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. பிறகு கைபேசியில் வரைபடத்தைத் திறந்தேன். தட்டைத் தலை மலையிலிருந்து தெற்கே ஒரு கோடு இழுத்தேன். வழியில், பல ஊர்களுக்கு இந்தப் பக்கம், கடலுக்கு நெருங்கிய தனி மலை ஒன்றின் உச்சியைக் கோடு தொட்டது. தோளும் கழுத்தும் போன்ற மலை. தினமும் பேருந்தில் அதைச் சுற்றித்தான் போகிறோம். அதைத் தாண்டி கோடு தென்னந்தோப்புகளைக் கடந்து, அவள் ஊருக்குப் பக்கமாகக் கடலுக்குள் இறங்கியது. அப்படியானால் சுமட்டுக்காரி என்று ஒரு மலையே இல்லை. இரண்டு மலைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழும் ஓர் இடம்தான் இருக்கிறது. அது நீரின்மேல் இருக்கிறது. நாங்கள் அவளை மலைமேல் ஏறித் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

கரையிலேயே நின்று எடுக்க முடியாதா என்று கேட்டேன். கோயில் கோபுரத்தில்கூட ஏறிப் பார்த்தோம். முன்மலை மட்டுமே தெரிந்தது. கிட்டத்திலிருந்து பார்த்தால் முன்னால் நிற்பது பின்னால் நிற்பதை மறைத்துவிடும். விலகிப் போகப் போகத்தான் பின்னது எழும்பும்.

கடலுக்குப் போக வேண்டும் என்றால் ஒரு சிக்கல். அந்த ஊரில் மீன்பிடி வள்ளத்தில் பெண்கள் கால்வைப்பதில்லை. சின்ன வயதில், கரையில் ஏற்றி வைத்திருந்த வள்ளத்தில் ரெஜிஷா ஏறி விளையாடியதற்காக, ததேயுஸ் அதைக் கழுவி, தீர்த்தம் தெளித்த பிறகுதான் கடலில் இறக்கினாராம். அப்பாவுக்காக எடுக்கும் படத்தை, அப்பா வேண்டாம் என்று சொன்ன காரியத்தைச் செய்துதான் எடுக்க வேண்டும். பெரியப்பா மகன் பிரபினிடம் சொந்தமாக ஃபைபர் வள்ளம் இருக்கிறது. மலையைக் கடலிலிருந்து படம் எடுக்க வேண்டும் என்று மட்டும் அவனிடம் சொன்னாள். அவன் முதலில் மறுத்தான். பிறகு யோசித்தான். ஞாயிற்றுக்கிழமை யாரும் தொழிலுக்குப் போவதில்லை.

“வலை ஏத்தல்லன்னா அது வள்ளம் இல்லக்கா. பஸ்ஸு. பஸ்ஸுல பொம்பளைய ஏறாமலா இருக்காவ?”

திருவருகைக் காலத்து ஞாயிறு ஒன்றில், காலைத் திருப்பலி முடிந்து ஊர் வீட்டுக்குள் போனபிறகு கிளம்பினோம். முதல் நாள் நல்ல மழை. வானம் துலங்கியிருந்தது. அலையைத் தாண்டும்போதே வள்ளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு காலையில் சாப்பிட்ட புட்டை எல்லாம் கடலுக்குக் கொடுத்தேன். மீனுக்கு இரை போடுகிறேன் என்று பிரபின் கேலி செய்தான். அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிற்க ஒரு இடம் பார்த்து, முழங்காலை மடக்கி, உடம்பு அசைகிற பக்கம் அசைந்து நின்றாள். அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

கரை ஒரு பச்சைக் கோடாயிற்று. தென்னைகள் தாழ்ந்தன. முன்மலை மட்டும் தோளும் கழுத்துமாகத் தெரிந்தது. அதன் உச்சிக்குப் பின்னால் நீலமாக ஒரு கீற்று தெரிந்தது. மேகம் என்று நினைத்தேன். வள்ளம் போகப் போக அது தடித்தது. மெல்ல எழும்பியது. தட்டையான தலை வந்தது, உடைந்த விளிம்பு வந்தது. வாந்தி எடுத்த வாயைத் துடைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மலை இன்னொரு மலைக்குப் பின்னாலிருந்து எழுந்து வருவதை நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை.

ஆனால் கடவம் தலையில் இல்லை, தோளில் இருந்தது. பிரபின் வள்ளத்தைக் கிழக்கே திருப்பினான். நாங்கள் போகிற பக்கமே அதுவும் நகர்ந்தது. தோளிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து தலைக்கு. நான் கத்த வாயெடுத்தேன். அக்காவின் கை என் தோளை அழுத்திப் பிடித்தது. பிரபின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. ஓடுகிற வள்ளத்தில் நின்றபடி சத்தமில்லாமல் எடுத்தாள். இங்கே நிறுத்து என்று சொல்லவில்லை. வள்ளம் அந்த இடத்தைக் கடந்து போனது. கடவம் தலையைவிட்டு மறுபக்கம் சரிந்தது. இன்னும் கொஞ்ச தூரம் போகச் சொன்னாள், திரும்பி வரச் சொன்னாள், சுற்றச் சொன்னாள். பிரபின் சலித்துக்கொண்டு, கிடைத்ததா இல்லையா என்று கேட்டான்.

“ஒண்ணும் சரியா வரல்லடே. போவம்,” என்றாள்.

வள்ளம் நின்றிருந்தால் அந்த இடம் அவனுடைய ஜிபிஎஸ்ஸில் பதிந்துவிடும் என்பது எனக்குக் கரையேறிய பிறகுதான் உறைத்தது. அவள் வள்ளத்தை எங்கேயும் நிறுத்தவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் படத்தோடு அவள் வீட்டுக்குப் போனோம். ததேயுஸ் கட்டிலில் இருந்தார். அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா படத்தை நீட்டினாள். ஓட்டத்தில் எடுத்ததால் ஓரம் லேசாகக் கலங்கியிருந்தது. அவர் இடது கையால் வாங்கினார். வெளிச்சத்துக்காகத் திருப்பினார். இவ இல்ல என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன்.

“யாருக்க வள்ளத்துல போன?” என்றார்.

மீன் கழுவிய கை நின்றது. வியாகுலம்மாள் மகளை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் அப்போதுதான் தெரிந்தது.

“பிரபினுக்க வள்ளம். ஞாயிற்றுக்கெழம அப்பா. வலை ஏத்தல்ல.”

“அவனுக்குத் தெரியுமா, இது?”

“நிப்பாட்டச் சொல்லல்ல. ஓட்டத்துலதான் எடுத்தேன். ஒண்ணும் கெடைக்கல்லன்னு சொல்லியாச்சு.”

அவர் தலையாட்டினார். வள்ளத்தில் ஏறியதற்குத் திட்டு விழும் என்று காத்திருந்தோம். அது வரவில்லை. உடைந்த விளிம்பை விரலால் தொட்டார்.

“கடவம் ஒரு பொடி கெழக்க சரிஞ்சு நிக்கி. இன்னும் கொஞ்சம்...” என்று தொடங்கி, என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். பிறகு எவ்வளவு கேட்டும் அதைச் சொல்லவில்லை.

இது ஒரு மலை இல்லை, இரண்டு மலை என்று அக்கா சொன்னபோது முதலில் அவர் நம்பவில்லை. கடலில் வாழ்நாளெல்லாம் பார்த்தவனிடம் கதை சொல்லாதே என்றார். அக்கா அணைக்கரையில் எடுத்த பழைய படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். முகம் மெல்ல மாறியது. நடுவில் என்ன கிடக்கிறது என்று கேட்டார். அக்கா ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஊர்கள், சந்தை, ரப்பர் தோட்டங்கள், ஒரு காலேஜ், பெரிய அணை, அதற்கு மேலே காடு. அவர் அங்கெல்லாம் போனதில்லை.

“இத்தன ஊரும் அவளுக்க தலைக்கும் கடவத்துக்கும் எடையிலயா கெடக்கு,” என்றார்.

அந்த நேரத்தில் லிஜின் கூப்பிட்டான். வழக்கம்போல அம்மாவிடம்தான் பேசினான். கிணற்றுக்கு இடம் பார்க்க ஆள் வருகிறார், எந்த மூலையைக் காட்டுவது என்று கேட்டான். வியாகுலம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்தார். போனை வாங்கி, நேரே கட்டிலுக்குக் கொண்டுபோய்க் கணவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

“இன்னா, உனக்க அப்பாட்ட கேளு,” என்றார். “பாரு எங்க கெடக்குன்னுதான் சொல்ல மாட்டாரு. தண்ணி எங்க கெடக்குன்னு சொல்லுவாரு.”

ததேயுஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, நீ எந்தப் பக்கம் வாசல் வைக்கப் போகிறாய் என்று மகனிடம் முதல் கேள்வியைக் கேட்டார்.

ரெஜிஷா அக்கா எடுத்ததிலேயே நல்ல மலைப் படம் அதுதான் என்பது என் எண்ணம். ஸ்டுடியோ சுவரில் அது இல்லை. அடுத்த தவக்காலத்தில் புதிய படங்களை மாட்டும்போது, நடுவில் ஒரு இடம் காலியாக இருந்தது. இங்கேயாவது மாட்டலாமே என்றேன். பிரபின் அடிக்கடி வருவான், அவனுக்குக் கண் நல்லா உண்டு என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தில் ஒரு அருவிப் படத்தை மாட்டினாள்.